கடைசிக் கட்டில்

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு 82 வயது. இடுப்பு எலும்பு முறிந்து, ரண சிகிச்சையும் ஆகி, இப்போது பிறர் துணையின்றி எழுந்து நிற்க இயலாத நிலையில் இருக்கிறார். சகோதரர் இருவரும் கடல் கடந்த தேசங்களில் இருக்கிறார்கள். கடிதம் எழுதியவரும் அவர் கணவரும் காலையில் உத்தியோகத்துக்குப் புறப்பட்டால் மாலையில்தான் வீடு திரும்ப முடியும். பகல் முழுவதும் கூட இருப்பதற்கு நம்பகமான ஆள் அகப்படவில்லை. மூன்று முதியோர் இல்லங்களைப் போய்ப் பார்த்தாராம். "மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. மூன்றிலும் இன்முகத்துடன் வரவேற்றார்கள். எங்கே என் தாயார் பத்திரமாக இருப்பார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறார்.

பெற்றோரை இல்லத்தில் விடலாமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நாம் இவ்வாரம் புகப் போவதில்லை. அந்த வாதத்தைத் திண்ணையில் உட்கார்ந்து நடத்துகிறவர்களில் பெரும்பாலோர், ஓர் இரவில் மூன்று முறை எழுந்து ஒரு கிழவியைத் தூக்கி உட்கார வைத்தவர்கள் அல்லர். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நம் தேசத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அவ்வயதினர். குடும்பங்கள் சிறுத்துவிட்டன, ஆயுள் நீண்டுவிட்டது. இல்லங்கள் இனி இருக்கத்தான் போகின்றன. ஆகவே சகோதரியின் கேள்வி வேறு பல குடும்பங்களின் கேள்வியும் ஆகும்.

கத்தரிக்காய் வாங்கப் போனால் நாம் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம்; பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று விரலால் தடவுகிறோம். புடவை எடுத்தால் கடை வாசலுக்குக் கொண்டுவந்து சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால் பெற்ற தாயை ஒப்படைக்கப் போகும் இடத்தில் என்ன பார்க்கிறோம்? முன்கூடத்தில் பளிங்குத் தரை. வாசலில் பிள்ளையார் சந்நிதி. சுவரில் பிரமுகர்களின் படங்கள். தோட்டத்தில் செம்பருத்திச் செடி. "நல்ல காற்றோட்டமான இடம்" என்று சொல்லிக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்புகிறோம். இவையெல்லாம் வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. இவை வருகிறவர்களின் கண்ணுக்காக வைக்கப்பட்டவை என்பதை மட்டும் மறக்கலாகாது.

நாம் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஆனபடியால் இந்த வித்தையை நன்கு அறிவோம். இன்ஸ்பெக்டர் வரும் தினத்துக்கு முந்திய வாரம் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும். கரும்பலகைக்குக் கரி பூசப்படும். கணக்கில் கெட்டிக்காரப் பையன்கள் முன் பெஞ்சிக்கு வந்துவிடுவார்கள். அனுபவமில்லாத இன்ஸ்பெக்டர் முன் பெஞ்சியிடம் நாலு கேள்வி கேட்டு, "மிகவும் திருப்தி" என்று எழுதிவிட்டுக் காப்பி குடித்துப் போவார். அனுபவஸ்தரோ நேரே கடைசிப் பெஞ்சிக்கு நடப்பார். அங்கே சுவரோடு சாய்ந்திருக்கும் பையனின் நோட்டுப் புஸ்தகத்தை வாங்கிப் பிரிப்பார். அந்த ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் பள்ளிக்கூடத்தின் முழு வருஷமும் எழுதியிருக்கும்.

முதியோர் இல்லத்துக்கும் அதுவே விதி. முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களோடு தாராளமாகப் பேசும் முதியவர் முன் பெஞ்சி மாணாக்கர். அவர் எங்கே இருந்தாலும் தம்மைக் காத்துக்கொள்வார். இல்லத்தின் யோக்கியதை, பேச இயலாமல், புரள இயலாமல், பார்க்க வருவோரும் இல்லாமல், உள் அறையில் கடைசிக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் எழுதியிருக்கிறது. "மிகவும் முடியாமல் இருப்பவர்களையும் பார்க்க விரும்புகிறோம்" என்று சகோதரி தயங்காமல் கேட்க வேண்டும். அந்தரங்கமாகச் சிகிச்சை நடக்கும் வேளையாயிருந்தால் சற்றுப் பொறுக்கச் சொல்வது நியாயம். எந்த வேளையிலும் கூடாது என்றால், அதுவே பதில்.

இல்லங்களை அளந்து பார்க்கும் முயற்சி புதிதன்று. இங்கிலாந்தில் பீட்டர் டௌன்ஸெண்ட் என்ற சமூக ஆராய்ச்சியாளர், அந்நாட்டிலும் வேல்ஸிலும் உள்ள 173 முதியோர் விடுதிகளுக்கு நேரில் போய்ப் பார்த்து, 1962-ம் வருஷத்தில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். கட்டிட வசதியையும் ஊழியர் தொகையையும் கணக்கெடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அங்கிருப்பவர்களுக்குச் செய்வதற்கு ஏதேனும் வேலை உண்டா, அன்றாட வாழ்வில் அவர்களுக்குச் சுதந்திரம் உண்டா என்றும் அளந்தார். சோறும் கூரையும் போதும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்நூல் ஒரு சாட்டையடியாக விழுந்தது.

அதே 1962-ம் வருஷத்தில் டோரீன் நார்ட்டன் என்ற தாதி, சகாக்களுடன் சேர்ந்து முதியோர் பராமரிப்பைப் பற்றி ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். படுக்கைப் புண் வராமலிருக்க அக்காலத்து மருத்துவ விடுதிகளில் முதுகுக்குப் பலவிதத் தைலங்களும் திராவகங்களும் தேய்ப்பது வழக்கம். அவற்றால் விசேஷப் பலனில்லை, நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பதே பலன் தருவது என்று அவர்கள் காட்டினார்கள். இல்லத்தில் விலையுயர்ந்த தைலம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, புரட்டிப் படுக்க வைக்க இரண்டு கைகள் இருக்கின்றனவா என்று கேட்பதே மேல்.

ஆகவே படுக்கையிலிருந்தே தொடங்குவோம். அசைய முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். மெத்தையின் தன்மையையும் உடல் நிலையையும் ஒட்டி வைத்தியர் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். எந்த நேரத்தில் யார் புரட்டினார்கள் என்று ஒரு தாளில் குறித்து வைப்பது நல்ல இல்லத்தின் பழக்கம். புண் முதலில் தோன்றும் இடங்கள் முதுகின் அடி, இடுப்பெலும்பின் முனை, குதிகால். தோல் சிவந்தால் அபாயம் என்று ஆங்கிலப் புஸ்தகங்களில் எழுதியிருக்கும். நம்மவர் நிறத்தில் அந்தச் சிவப்புச் சுலபத்தில் தெரியாது. அவ்விடம் சுற்றிலுமுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சுடுகிறதா, கல்போல் இறுகியிருக்கிறதா என்று கையால் தொட்டுத்தான் அறிய வேண்டும். தாயாரைச் சேர்த்த பிறகு, மாதம் ஒரு முறையாவது மகள் தம் கையாலேயே அவருக்கு உடம்பு துடைத்து விடட்டும். ஆயிரம் விசாரணைக்கு அது சமானம்.

அடுத்தது எடை. தராசு இருக்கிறதா, மாதந்தோறும் எடை பார்த்து எழுதுகிறார்களா என்று கேட்க வேண்டும். 50 கிலோ எடையுள்ளவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இளைத்தால், அது வயதின் கோளாறு என்று தள்ளிவிடத் தக்கதன்று. வைத்தியரைக் கூப்பிட வேண்டிய சமாசாரம். பல இடங்களில் உணவு குறைவதில்லை. ஊட்டுவதற்கு நேரம் குறைகிறது. தட்டு வருகிறது, அரை மணியில் தட்டுப் போகிறது. கை நடுங்கும் கிழவர் அதற்குள் இரண்டு கவளம் உண்டிருப்பார். "சாப்பாடு மிச்சம் வைத்துவிட்டார்" என்று அவர் பேரிலேயே பழி எழுதப்படும். ஆகையால் சமையலறையைப் பார்த்தால் போதாது. சாப்பாட்டு வேளையில் கடைசிக் கட்டிலின் அருகே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீரும் அப்படியே. முதுமையில் தாகம் மங்கிவிடும். கேட்டால்தான் கொடுப்போம் என்றால் கேட்கவே மாட்டார்கள். தண்ணீர் குறைந்தால் மூத்திரக் கோளாறு வரும், மலம் கட்டும், புத்தி தடுமாறும். "நேற்று வரை நன்றாகப் பேசினார், இன்று உளறுகிறார்" என்று சொல்லப்படும் பலரிடத்தில் காரணம் வெறும் நீர் வறட்சியாகவே இருக்கும். தம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, எதிர்ச் சுவரோரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வைத்திய சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

மருந்து விஷயத்தில் இரண்டு கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மாத்திரைப் பட்டியல் உண்டா, கொடுத்தவர் கையெழுத்து உண்டா என்பது ஒன்று. இரவில் எல்லோரும் சப்தமின்றித் தூங்குவதற்கு ஏதேனும் கொடுக்கிறார்களா என்பது மற்றொன்று. மறதி நோயால் அமைதியிழந்த முதியோருக்கு, சித்தப்பிரமைக்கான சில மாத்திரைகளைக் கொடுப்பதால் மரணம் நேரும் அபாயம் அதிகரிக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2005-ம் வருஷத்திலேயே எச்சரித்திருக்கிறது. அவை அறவே ஆகாதவை என்பதில்லை. வைத்தியர் காரணம் சொல்லி, அளவு குறித்து, காலாகாலத்தில் மறு பரிசீலனை செய்ய வேண்டியவை. பகல் பதினொரு மணிக்கு ஒரு கூடம் முழுவதும் தலை தொங்கி உறங்கிக்கொண்டிருந்தால், அதை நிம்மதி என்று எண்ணி மகிழ வேண்டாம்.

இனி இரவு. இல்லத்தைப் பகலில் மட்டும் பார்ப்பது, நாடகத்தைத் திரை தூக்கிய பிறகு மட்டும் பார்ப்பது போல. இரவில் எத்தனை ஊழியர்கள் விழித்திருக்கிறார்கள்? நாம் வகுப்பில் போடும் கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்ப்போம். ஓர் இல்லத்தில் 40 பேர். அவர்களில் நடக்க முடியாதவர் 15 பேர். இரவுக் காவலுக்கு இருப்பவர் 2 பேர். ஒருவரைத் தூக்கி வெளியே கொண்டுவர இருவரும் சேர்ந்து 3 நிமிஷம் ஆகுமென்றால், 15 பேரையும் கொண்டுவர 45 நிமிஷம் ஆகும். நெருப்பு 45 நிமிஷம் காத்திருக்குமா? நடக்க முடியாதவர்களை மாடியில் வைத்திருந்தால் கணக்கு இன்னும் பயங்கரமாகும். வாசற் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, ஜன்னல் கம்பிகளைத் தவிர வேறு வழி உண்டா என்பதும் இக்கணக்கில் சேரும்.

இதை மிகைப்படுத்திச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ம் தேதி விடியற்காலை, மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் வெந்து மடிந்தார்கள். அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் விரோதிகள் அல்லர்; குணமாகும் என்று நம்பிய பெற்றோரும் உடன்பிறந்தோருமே. மனநோயாளிகளை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டலாகாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தடுக்கிறது. ஆனால் கட்டுவதற்குச் சங்கிலிதான் வேண்டுமென்பதில்லை. கட்டிலோடு சேர்த்துக் கட்டிய பழம் புடவையும் சங்கிலிதான். எழுந்திருக்க முடியாதபடி நாற்காலிக்குக் குறுக்கே மாட்டிய பலகையும் சங்கிலிதான். "கீழே விழாமலிருக்கக் கட்டியிருக்கிறோம்" என்றால், விழாமலிருக்க வேறு என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும், வழுக்காத தரையும், இரவில் கக்கூஸ் வரையில் விளக்கும் இருந்தால், எத்தனையோ இடுப்பெலும்புகள் முறியாமல் தப்பும்.

உடம்பு பத்திரமாக இருந்துவிட்டால் போதுமா? போதாது. தாயாரை அங்கே எப்படிக் கூப்பிடுகிறார்கள்? "அம்மா" என்றா, பெயரைச் சொல்லியா, "ஏழாம் நம்பர்" என்றா? உடை மாற்றும்போது திரை இழுக்கிறார்களா? தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த கந்தர் படத்தையும் வெற்றிலைச் செல்லத்தையும் வைத்துக்கொள்ள இடம் உண்டா? காலையில் எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள், அது முதியவருக்கு ஏற்ற நேரமா, ஊழியரின் முறை மாறுவதற்கு ஏற்ற நேரமா? சிறிய விஷயங்கள்தாம். ஆனால் நடக்க முடியாத ஒரு மனுஷிக்கு உலகம் முழுவதும் இந்தச் சிறிய விஷயங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறருடைய மலஜலம் எடுப்பதும், வசவு கேட்டுக்கொண்டே சோறு ஊட்டுவதும் எளிய தொழில் அல்ல. அத்தொழிலைச் செய்யும் பெண்ணுக்கு என்ன சம்பளம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா, எத்தனை மாதமாக அங்கே இருக்கிறாள் என்று விசாரிப்பது அநாவசியத் தலையீடு அன்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊழியர் எல்லோரும் மாறிப் போகும் இல்லத்தில், எந்தப் பாட்டிக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்பது யாருக்குத் தெரியும்? ஊழியரை வாட்டுகிற இடத்தில் முதியோரை வாட்டாமல் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

"இதையெல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டியதுதான். இங்கிலாந்தில் 2009-ம் வருஷம் முதல் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற ஸ்தாபனம் இல்லங்களைப் பரிசோதித்து வருகிறது. பத்திரமானதா, பலன் தருவதா, பரிவுள்ளதா, அவரவர் தேவைக்கு இசைந்து நடப்பதா, நல்ல தலைமை உடையதா என்று ஐந்து கேள்விகள் கேட்டு, நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுக்கிறது. அந்தத் தரத்தை இல்லத்தார் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி மாட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். நாம் பின்பற்றத் தக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த இங்கிலாந்திலேயே, பிரிஸ்டல் நகருக்கு அருகில், விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவ விடுதியில் என்ன நடந்தது? அறிவு வளர்ச்சி குன்றியவர்களை அங்கே ஊழியர்கள் அடித்தும் இம்சித்தும் வந்தார்கள். அங்கே வேலை பார்த்த தாதி ஒருவர் நிர்வாகிகளிடம் முறையிட்டார். மேற்படி கமிஷனுக்கும் தெரிவித்தார். பலனில்லை. கடைசியில் ஒரு செய்தியாளர் ஊழியராக வேஷமிட்டு உள்ளே புகுந்து, ரகசியக் காமிராவில் படம் பிடித்தார். 2011-ம் வருஷத்தில் அது டெலிவிஷனில் வெளியான பிறகே தேசம் விழித்தது. விடுதி மூடப்பட்டது, 11 பேர் 2012-ல் தண்டனை பெற்றார்கள். பரிசோதனை இலாகா இருப்பது ஒன்று. அதன் காதில் முறையீடு விழுவது வேறொன்று.

நம் நாட்டில் 2007-ம் வருஷத்துப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம், ஜில்லாவுக்கு ஒன்றுக்குக் குறையாமல், 150 ஏழை முதியோராவது தங்கும்படியான இல்லங்களை ராஜ்ய சர்க்கார் ஏற்படுத்தலாம் என்கிறது. இல்லங்களின் தரத்துக்கு விதி வகுக்கலாம் என்றும் சொல்கிறது. "வேண்டும்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "லாம்" என்ற விகுதி இருப்பதை இலக்கணம் போதிக்கும் நாம் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஆயினும் உள்ளதைக் கொண்டு நடக்க வேண்டும். இல்லம் பதிவு பெற்றதா என்று பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். முதியோர் விஷயமாக முறையிட 14567 என்ற டெலிபோன் எண்ணும் இருக்கிறது.

முறையிடுவதில் ஒரு பயம் உண்டு என்பதை அறிவோம். "நான் இங்கே சண்டை போட்டுவிட்டுப் போனால், அங்கே அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்களோ?" என்ற பயம் அது. ஆகையால் சண்டையாகத் தொடங்க வேண்டியதில்லை. "அம்மாவின் குதிகால் கறுத்திருக்கிறதே, என்று முதல்?" என்று கேள்வியாகக் கேளுங்கள். கேட்ட தேதியையும் பெற்ற பதிலையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். நன்றாகக் கவனிக்கும் ஊழியரை அவர் எஜமானரின் எதிரிலேயே பாராட்டுங்கள். நல்ல இல்லம் கேள்வியைக் கண்டு முகம் சுளிக்காது. அது தானே நம்மை அழைத்து, "நேற்று அம்மா கால் தடுக்கிவிட்டார், பெரிய அடி இல்லை" என்று முதலில் சொல்லும். ஒரு வருஷமாக ஒருவரும் விழவில்லை, ஒரு தவறும் நேரவில்லை என்று சொல்லுகிற இல்லத்தைவிட, விழுந்தவர்களின் கணக்கை எழுதி வைத்திருக்கும் இல்லத்தையே நாம் நம்புவோம்.

எல்லாவற்றிலும் பெரிய பரிசோதனை போய்ப் பார்ப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே எப்போதும் போகாமல், செவ்வாய் மாலையிலும் போக வேண்டும்; சாப்பாட்டு நேரத்திலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் போக வேண்டும்; போய்ப் பழம் கொடுத்துவிட்டு ஓடி வராமல் அரை மணி உட்கார வேண்டும். மணியடித்தால் எத்தனை நிமிஷத்தில் ஆள் வருகிறது என்பது அப்போது தெரியும். வெளிதேசத்திலுள்ள சகோதரர்கள் பணம் அனுப்புவதோடு, தம் விடுமுறையையும் பங்கிட்டுக்கொண்டு முறை வைத்து வரட்டும். பார்க்க ஆள் வரும் கட்டிலை எந்த இல்லமும் எளிதில் மறப்பதில்லை.

அங்ஙனம் போகும்போது இன்னும் ஒன்று செய்யலாம். தாயாரின் கட்டிலைத் தாண்டி நாலு அடி நடந்தால், யாரும் வராத கட்டில் ஒன்று இருக்கும். அருகே நின்று, "பாட்டி, சாப்பிட்டாயிற்றா? தண்ணீர் வேண்டுமா?" என்று கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாமல் இருக்கலாம். கேட்க ஆள் இருக்கிறது என்பது அந்த அறைக்குத் தெரிந்தால் போதும்.